கமாண்ட் நாட் ஃபவுண்டும் ஒரு வரி வைத்தியர்களும்

டிஸ்கி: டெக்னிக்கல் பதிவு மாதிரி ஆரம்பிச்சு சண்டையில முடியுற பதிவு இது. கட்டளைகள் எல்லாத்தையும் தமிழ் எழுத்துலயே எழுதியிருக்கேன். காப்பி-பேஸ்ட் பண்ண முடியாது. வேணும்னேதான். ஏன்னு போகப் போகப் புரியும்.

கிராஸ் கம்பைலர் நிறுவுவது பற்றித் தமிழில் வருகிற பதிவுகளுக்கெல்லாம் ஒரே மாதிரி ஒரு முடிவு உண்டு. கடைசியில் பெட்டி கட்டி ஒரு வரி. "இதை பாஷ்ஆர்சி ஃபைலோட அடியில ஒட்டிட்டு டெர்மினலை மூடித் திறங்க, அவ்ளோதான்!" கூடவே ஒரு சிரிப்பான். கீழே பின்னூட்டத்தில் ஒருத்தர் பாவமாகக் கேட்பார்: "அண்ணே, ஒட்டிட்டேன், இன்னும் கமாண்ட் நாட் ஃபவுண்ட்னுதான் வருது." அதுக்குப் பதில் ரெண்டே வகை. ஒண்ணு, வேற ஒரு வரி. இல்லேன்னா, "உபுண்டுவை அழிச்சிட்டு மறுபடி போடுங்க."

தலைவலிக்கு மாத்திரை, கேக்கலேன்னா தலையையே எடுத்துடுங்கற வைத்தியம் இது.

இதை நாம உதவின்னு நினைச்சிட்டிருக்கோம். கெடுதல்ங்கறதுதான் என் கட்சி. அதுவும் யாருக்குக் கெடுதல்னா, பக்கத்துல கேக்க ஒரு ஆள் இல்லாத, முதன்முதலா லினக்ஸ் பொட்டியைத் திறக்கிற பையனுக்கும் பொண்ணுக்கும்தான். விவரம் தெரிஞ்சவனுக்கு அந்த ஒரு வரி தேவையே இல்ல. தெரியாதவனுக்கு அது வேலை செய்யாதப்ப அடுத்து எங்க பாக்கணும்னு தெரியாது. அப்ப அந்த வரி யாருக்குத்தான்யா?

கவிதை எழுதுற மக்கள் எஸ்கேப் ஆகுறதுக்கு முன்னாடி ரெண்டு வார்த்தை. நாம எழுதுற நிரலை இயந்திர மொழிக்கு மாத்துறது கம்பைலர். சாதாரண கம்பைலர், தான் ஓடுற பொட்டிக்கே மாத்தும். கிராஸ் கம்பைலர் இங்க ஓடும், ஆனா வேற ஒரு சில்லுக்காக மாத்தும். வாஷிங் மெஷினுக்குள்ள இருக்கிற சில்லுல போய் யாரும் கம்பைல் பண்ண முடியாது. அதுக்கு நினைவகமும் இல்ல, திரையும் இல்ல. அதனால லேப்டாப்புல கம்பைல் பண்ணி அதுல ஏத்துறோம். ஆக ஒரே லேப்டாப்புல மூணு நாலு கம்பைலர் குடித்தனம் நடத்தும். இன்டெல் பொட்டிக்கு ஒண்ணு, ஆர்ம் சில்லுக்கு ஒண்ணு, ரிஸ்க்-ஃபைவ் சில்லுக்கு ஒண்ணு. கூப்பிட்டா எது ஓடி வருதுங்கறதுதான் இந்தப் பாத் தகராறு மொத்தமும்.

இப்ப ஏன் இதுக்கு இவ்வளவு கோவம்? சொல்றேன்.

நம்ம சென்னையில, ஐஐடி மெட்ராஸ்ல, 2014-ல தொடங்கினது சக்தி ப்ராசஸர் திட்டம். 2010-ல அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பிறந்த ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத் தொகுப்பை எடுத்து, அதுக்கான ப்ராசஸரை இங்கேயே வடிவமைச்சு, வடிவமைப்பைத் திறந்த மூலமாகவும் வெளியிட்டாங்க. 2018-ல அதிலிருந்து ரெண்டு சில்லு வந்தது. ஒண்ணு இன்டெல்லோட 22 நானோமீட்டர் ஆலையில் தயாரானது. இன்னொண்ணு சண்டிகர் பக்கத்துல மொஹாலியில் உள்ள எஸ்சிஎல் ஆலையில், 180 நானோமீட்டரில். 2020-ல மௌஷிக். 2025 பிப்ரவரியில் இஸ்ரோவோடு சேர்ந்து ஐரிஸ்னு விண்வெளிப் பயன்பாட்டுக்கான ஒரு சில்லு. ஒவ்வொரு தடவையும் நாம எல்லாரும் "தமிழன்டா"ன்னு பதிவு போட்டோம். நானும் படிச்சுப் பூரிச்சுப் போனேன், மறுக்கல.

ஆனா அந்தச் சில்லுக்கு ஒரு நிரல் எழுதணும்னா முதல் படி என்ன? கருவிகளை இறக்கிட்டு, அது இருக்கிற ஃபோல்டரை பாத்-ல சேர்க்கணும். அவ்வளவு பெரிய திட்டத்தோட வாசப்படி அந்த ஒரு சின்ன வேலைதான். அந்த வாசப்படியிலயே தடுக்கி விழுந்து திரும்பிப் போறவங்களைப் பத்தி யாரும் பதிவு போடுறதில்ல.

எங்க ஊர் அவலூர்பேட்டை. மேல்மலையனூர் பக்கம், செஞ்சிக்கோட்டைன்னு சொன்னா சட்டுனு புரியும். என் சித்தப்பா பையன் ஒரு இன்ஜினியரிங் காலேஜ்ல படிக்கிறான் (பேர் வேண்டாம், எந்தக் காலேஜா இருந்தாலும் கதை இதேதான்). லேப்ல ரிஸ்க்-ஃபைவ் பயிற்சி. கருவிகள் எல்லாம் ஏற்கனவே போட்டு வெச்சிருப்பாங்க. ரெக்கார்டு நோட்டுல அந்த எக்ஸ்போர்ட் வரியை நீல மையில எழுதி, ஸ்கேல் வெச்சு அடிக்கோடு போட்டு, கையெழுத்தும் வாங்கியிருக்கான். அந்த வரியில ஃபோல்டர் எப்படி ஆரம்பிக்குதுன்னா: ஸ்லாஷ் ஹோம் ஸ்லாஷ் யூசர். லேப் பொட்டிகள்ல லாகின் பேரு "யூசர்"தான், அதனால அங்க ஓடுது. வீட்டுல அவன் லேப்டாப்புல லாகின் அவன் பேரு. அங்க "யூசர்"னு ஒரு வீடே கிடையாது. எப்படி ஓடும்?

கையேட்டு மேல குத்தம் இல்ல. எந்தக் கையேடும் உதாரணத்துக்கு ஒரு பேர் வெச்சுத்தான் எழுத முடியும். ஆனா அது உதாரணம், உன் பேரைப் போடணும்னு அந்த லேப்ல யாரும் சொல்லல. போய்க் கேட்டதுக்கு வந்த பதில்: "லேப்ல ஓடுதுல்ல? அப்ப உன் மெஷின்லதான் கோளாறு. எம்பெடட் எல்லாம் உனக்கு செட் ஆகாது, வெப் டெவலப்மென்ட் பாத்துக்க."

ஒரு ஃபோல்டர் பேர் தப்பா இருந்ததுக்கு ஒருத்தனோட தொழிலையே மாத்திக்கச் சொல்லியிருக்காங்க. இதைக் கேட்ட அன்னிக்குத்தான் இந்தப் பதிவை எழுதணும்னு முடிவு பண்ணேன்.

சரி, பாத்னா என்ன? 1979-ல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பின் போர்ன் ஷெல்லிலேயே இது இருக்கு. என் வயசை விட மூத்தது. புரிஞ்சுக்க ஐஐடி தேவையில்ல, செஞ்சிக்கோட்டை போதும்.

கோட்டைன்னா ஒரு மலை இல்ல. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரின்னு மூணு. ராஜகிரி அடிவாரத்துல ஒரு களஞ்சியம் இருக்கு. கிருஷ்ணகிரி மேலயும் களஞ்சியம் இருக்கு. வெளியூர்க்காரர் ஒருத்தர் கையில சீட்டு எழுதிக் குடுக்கறோம்: "கிருஷ்ணகிரி, ராஜகிரி, சந்திரகிரி. இந்த வரிசையில போங்க. களஞ்சியம்னு எது முதல்ல கண்ணுல படுதோ அதைப் பாத்துட்டுத் திரும்பிடுங்க." அவர் கிருஷ்ணகிரிக் களஞ்சியத்தைப் பாத்துட்டு வந்துடுவார். ராஜகிரியில ஒண்ணு இருக்குன்னே அவருக்குத் தெரியாது. சீட்டுல வரிசையை மாத்தினா வேற களஞ்சியம். சீட்டுல சந்திரகிரி மட்டும் இருந்தா, வந்து "நாட் ஃபவுண்ட்"னு சொல்லுவார். களஞ்சியம் இடிஞ்சு போச்சுன்னு அதுக்கு அர்த்தமா?

அந்தச் சீட்டுதான் பாத். முக்காப்புள்ளி வெச்சுப் பிரிச்ச ஃபோல்டர் பட்டியல். இடமிருந்து வலம் தேடும், முதல்ல கிடைச்சதோட நிறுத்திக்கும். இன்னொரு விஷயம்: சீட்டு ஆளுக்கு ஆள் வேற. நீங்க ஒரு டெர்மினல்ல எக்ஸ்போர்ட் பண்ணா, அந்த ஷெல்லுக்கும் அதுக்குப் பிறந்த பிள்ளைகளுக்கும்தான் அந்தச் சீட்டு. பக்கத்து டெர்மினலுக்குத் தெரியாது.

பாத்-ஓட அடிப்படை இதுதான். இனி அந்த ஒரு வரி எங்கெங்க கவுக்கும்னு பாருங்க.

ஒண்ணு. வீட்டு ஃபோல்டரைக் குறிக்கிற டில்டே குறியை மேற்கோளுக்குள்ள வெச்சு ஒட்டிடுறாங்க. மேற்கோளுக்குள்ள போனா அது விரியாது, வெறும் எழுத்தாவே பாத்-ல உக்காந்துக்கும். கொடுமை என்னன்னா, பாஷ் இரக்கப்பட்டு அதையும் வீடுன்னு புரிஞ்சுக்கிட்டு கம்பைலரைக் கண்டுபிடிச்சிடும். கையால கூப்பிட்டா ஓடும். மேக் மூலமா கூப்பிட்டா நாட் ஃபவுண்ட். பையன் மண்டையைப் பிச்சுக்குவான். "எனக்கு ஓடுதே"ன்னு நாமளும் பதில் போடுவோம்.

ரெண்டு. சுடோ. போர்டுல ஏத்துறதுக்கு அனுமதி இல்லைன்னு வந்தா உடனே முன்னாடி சுடோ சேர்க்கிற பழக்கம். உபுண்டுல சுடோ உங்க சீட்டைக் கிழிச்சுப் போட்டுட்டு, பாதுகாப்பான பாத்னு தனக்குன்னு வெச்சிருக்கிற சீட்டை எடுத்துக்கும். அதுல உங்க ஃபோல்டர் இருக்காது. பாஷ்ஆர்சியில ஆயிரம் தடவை ஒட்டினாலும் இருக்காது. இதுக்கு சுடோயர்ஸ் ஃபைல்ல கை வெக்கச் சொல்ற ஒரு வரி வேற ஊர் சுத்திட்டிருக்கு. கம்பைலருக்கு சுடோ எதுக்குன்னு ஒருத்தரும் கேக்கல.

மூணு. வரிசை. அப்ட்-ல கிடைக்கிற ரிஸ்க்-ஃபைவ் வெற்றுக் கம்பைலர்ல சி லைப்ரரி கூடவே வராது. அது தனிப் பொதி. பையன் முதல்ல அதைப் போட்டிருப்பான். அப்புறம் முழுக் கருவித்தொகுப்பை இறக்கி, நாம சொன்ன வரிப்படி பாத்-ஓட கடைசியில சேர்ப்பான். ரெண்டுக்கும் பேரு ஒண்ணே. முதல்ல இருக்கிற அப்ட் சரக்குதான் ஓடி வரும். எஸ்டிடிஐஓ ஹெடரைக் காணோம்னு அழும். பாத் பிரச்சினைன்னே தெரியாது, ஏன்னா கமாண்ட் ஃபவுண்ட்! "அப்ப முன்னாடி சேருங்க"ன்னு அடுத்த வரி குடுப்போம். அதுலயும் ஒரு கண்ணி இருக்கு. ஜிசிசி கருவித்தொகுப்புக்குள்ள, இலக்குப் பேர்லயே ஒரு உள் ஃபோல்டர் இருக்கும். அதோட பின் ஃபோல்டர்ல முன்னொட்டு இல்லாம வெறும் ஏஎஸ், எல்டின்னு அசெம்பிளரும் லிங்கரும் கிடக்கும். அதையும் சேத்து முன்னாடி போட்டீங்கன்னா, லேப்டாப்போட சொந்தக் கம்பைலர் ரிஸ்க்-ஃபைவ் அசெம்பிளரைக் கூப்பிட ஆரம்பிச்சிடும். அதுவரைக்கும் ஒழுங்கா ஓடிட்டிருந்த சாதா சி நிரலும் படுத்துடும். அப்பதான் "உபுண்டுவை அழிச்சிட்டு…"

நாலு. இது ராட்சஸன். ஃபைல் கண்ணு முன்னாடி இருக்கு. முழு முகவரி குடுத்துக் கூப்பிட்டாலும் "நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி"ங்குது. பழைய கருவிகள் 32 பிட்டுக்குக் கட்டினவை. 64 பிட் உபுண்டுல, அதைத் தூக்கி ஓடவிடுற 32 பிட் லோடர் இல்லேன்னா கர்னல் இந்தச் சேதியைத்தான் சொல்லும். காணாமப் போனது உங்க கம்பைலர் இல்ல, அது தேடுற லோடர். இதுக்கு எத்தனை எக்ஸ்போர்ட் வரி ஒட்டினாலும் பிரயோசனம் இல்ல. ஃபைல்ங்கற கட்டளையை அந்தக் கம்பைலர் மேல ஓட்டினா, எத்தனை பிட், எந்த லோடர்னு ஒரே வரியில சொல்லிடும். ஆனா அந்த வரியை மட்டும் யாரும் குடுக்கறதில்ல.

அஞ்சு. விண்டோஸ் மக்களே, சிரிக்காதீங்க. செட்எக்ஸ் வெச்சு பாத்-ஐ நீட்டுற வரி ஒண்ணு உங்க பக்கமும் உலவுது. செட்எக்ஸ் 1024 எழுத்துக்கு மேல இருந்தா வெட்டிப் போட்டுடும். அதுக்கப்புறம் வால்ல இருந்த மென்பொருள் எல்லாம் அனாதை. உங்களைப் போய் அழிச்சிட்டுப் போடுங்கன்னுகூட சொல்லத் தேவையில்ல, பாதி வேலை முடிஞ்சிருக்கும். :-)

இந்த அஞ்சுலயும் வர்ற சேதிகள் ஏறக்குறைய ஒண்ணே, காரணம் அஞ்சும் வேற. ஒரே வரியால எப்படிக் குணமாகும்? குணமான கேஸ்லயும் ஏன் குணமாச்சுன்னு யாருக்கும் தெரியாது. அடுத்த தடவை மறுபடி கை நீட்டணும்.

இதுக்கு நான் சொல்றது ரொம்ப எளிசு. வரி குடுக்கிற இடத்துல மூணு கேள்வி குடுங்க.

முதல் கேள்வி: கூப்பிடுறது யாரு? கையால டெர்மினலா, மேக்கா, சுடோவா, மெனுவில இருந்து திறந்த எடிட்டரா? அந்த ஆளோட சீட்டுல என்ன எழுதியிருக்கு? எக்கோ போட்டு டாலர் பாத்-ஐ அச்சிட்டுப் பாரு. மேக்னா, மேக்ஃபைலுக்குள்ளயே அச்சிட்டுப் பாரு. மெனுவில இருந்து திறந்த எடிட்டர் பாஷ்ஆர்சியைப் படிச்சிருக்கும்னு எந்த உத்தரவாதமும் இல்ல. மேக் கணினின்னா 2019-லிருந்து அங்க இயல்பு ஷெல் பாஷே இல்ல, இசட்-ஷெல்.

ரெண்டாவது கேள்வி: கூப்பிட்டா வர்றது எது? டைப் போட்டு, மைனஸ் ஏ போட்டு, கம்பைலர் பேரைப் போடு. அந்தப் பேர்ல இருக்கிற எல்லாரையும் வரிசையா நிறுத்தும். முதல் ஆள்தான் வருவான். ஃபோல்டரை இடம் மாத்தின பிறகும் பழைய முகவரிக்கே போய் முட்டுதுன்னா, பாஷ் பழசை ஞாபகம் வெச்சிருக்கு. ஹேஷ் மைனஸ் ஆர் அடிச்சு மறக்கச் சொல்லு.

மூணாவது கேள்வி: வந்த ஆள் சரியான ஆளா? கம்பைலரோட பேரைப் படி, அதுலயே ஜாதகம் இருக்கு. ரிஸ்க்வி64-அன்நோன்-எல்ஃப்-ஜிசிசின்னா, 64 பிட் ரிஸ்க்-ஃபைவுக்கு, தயாரிப்பாளர் யாரோ, ஆபரேட்டிங் சிஸ்டம் இல்லாத வெறும் போர்டுக்கு. நடுவுல லினக்ஸ்-ஜிஎன்யுன்னு இருந்தா லினக்ஸ் ஓடுற போர்டுக்கு. மைனஸ் வி போட்டா எப்படிக் கட்டப்பட்டதுன்னு தானே சொல்லும். கம்பைல் ஆகி வந்த ஃபைலையும் ஃபைல் கட்டளையில குடுத்து எந்தச் சில்லுக்குன்னு பாரு. தெரியாத்தனமா சொந்தக் கம்பைலர்ல கட்டினது லேப்டாப்புல ஜம்முனு ஓடும், லினக்ஸ் போர்டுக்குப் போனதும் "எக்ஸெக் ஃபார்மேட் எரர்"னு கையை விரிக்கும்.

பத்து நிமிஷ வேலை. ஒரு தடவை புரிஞ்சா ஆயுசுக்கும் போதும். ஆர்ம், ஏவிஆர், ரிஸ்க்-ஃபைவ் எதுவானாலும் கேள்வி அதேதான்.

இப்ப எதிர்க்கட்சி வாதத்துக்கு வருவோம். "அதான் டாக்கர் இருக்கே, பிளாட்ஃபார்ம்ஐஓ இருக்கே, ஆர்டுயினோ மென்பொருள் கம்பைலரைத் தானே கூட்டிட்டு வருதே, எதுக்கு இந்தக் கஷ்டம்?" நல்ல கருவிகள்தான், நானும் ஆணி புடுங்குற இடத்துல தினமும் டாக்கர் பயன்படுத்துறேன். ஆனா டாக்கருக்குள்ளயும் ஒரு ஷெல், அதுக்குள்ளயும் ஒரு பாத். வீட்டுக்குள்ள இன்னொரு வீடு கட்டிட்டா முகவரி தொல்லை போயிடாது, ரெண்டாகும். மூடி வெச்ச பொட்டி நல்லா இருக்கிற வரைக்கும் சௌக்கியம். கெட்டா திறக்கத் தெரிஞ்சிருக்கணும்.

"இப்பல்லாம் செயற்கை நுண்ணறிவுகிட்ட கேட்டா சொல்லிடுதே?" சொல்லுது. பல நேரம் அதே எக்ஸ்போர்ட் வரியை, அதே பாஷ்ஆர்சி அடியில. இணையத்துல நாம எல்லாரும் எழுதி வெச்சதைப் படிச்சு வளந்த புள்ளைதானே அது? நாம கேள்வி கேட்டு எழுதியிருந்தா அதுவும் கேள்வி கேக்கும்.

"முதல்ல ஓடட்டும், அப்புறம் புரிஞ்சுக்கலாம்"னு ஒரு வாதம். இதுல பாதி நியாயம் இருக்கு. முதல் நாளே தியரி எடுத்தா ஓடிடுவாங்க, உண்மை. அப்ப வரியைக் குடுங்க. கூடவே, அதை பாஷ்ஆர்சியில புதைக்காம, அந்தந்த ப்ராஜக்ட் ஃபோல்டர்லயே ஒரு சின்ன ஃபைலா வெச்சு, வேலை ஆரம்பிக்கிறப்ப சோர்ஸ் பண்ணச் சொல்லுங்க. ப்ராஜக்டுக்கு ஒரு சீட்டு. ஒரு ப்ராஜக்டோட குழப்பம் இன்னொண்ணுக்குத் தொத்தாது. கெட்டுப்போனா டெர்மினலை மூடினா போதும், உபுண்டுவை அழிக்க வேண்டியதில்ல. வரிக்கு அடியில "இதுல யூசர்ங்கற இடத்துல உன் பேரைப் போடு, ஃபோல்டர் நிஜமா அங்க இருக்கான்னு எல்எஸ் போட்டுப் பாரு"ன்னு ரெண்டு வாக்கியம் எழுதுங்க. அந்த ரெண்டு வாக்கியம் இல்லாததாலதான் ஒருத்தன் எம்பெடடுக்கே லாயக்கில்லாதவன் ஆனான்.

பேராசிரியப் பெருமக்களுக்கும் ஒண்ணு. லேப்ல எல்லாம் ரெடியா வெச்சுட்டு பொத்தானை அமுக்கச் சொல்றது பயிற்சி இல்ல. ஒரு நாள், ஒரே ஒரு நாள், பாத்-ஐ வேணும்னே கெடுத்து வெச்சுட்டுக் கண்டுபிடிக்கச் சொல்லுங்க. அந்த ஒரு மணி நேரத்துல கத்துக்கறது ரெக்கார்டு நோட்டுல வராது. போர்டு வாங்கக் காசு இல்லையா, கியூஇமுவுல சக்தி சி வகுப்புக்கு ஒரு போலி மெஷினே இருக்கு. செலவே இல்லாம, கம்பைல் பண்ணி லேப்டாப்புலயே ஓட்டிப் பாக்கலாம். மேல்மலையனூர் பக்கத்துப் பையனுக்கு அது போதும். தரமணிக்கு வந்துதான் கத்துக்கணும்னு இல்ல.

சொந்தமா சில்லு செய்யுறோம்ங்கறது பெருமைதான். ஆனா சில்லு செய்யுறவங்க நூத்துக்கணக்குல இருந்தா போதும், அதுக்கு நிரல் எழுதுறவங்க லட்சக்கணக்குல வேணும். அந்த லட்சம் பேர் அவலூர்பேட்டை மாதிரி ஊர்கள்ல இருந்துதான் வரணும், வேற எங்க இருந்து வருவாங்க? அவங்க வர்ற வழியில நாம ஒட்டி வெச்சிருக்கிற வழிகாட்டிப் பலகையில "யூசர் வீட்டுக்குப் போ"ன்னு எழுதியிருக்கு. அதைத் திருத்துறதுக்கு ஐஐடியோ இஸ்ரோவோ வர வேண்டாம். பதிவு எழுதுற நாம போதும்.

அதனால வலையுலக மக்களே, கைவசம் இருக்கிற பழைய டெக்னிக்கல் பதிவைத் தூசி தட்டி எடுங்க. ஒட்டச் சொன்ன வரிக்கு மேல "ஏன்"னு ஒரு பத்தி, கீழ "ஓடலேன்னா எங்க பாக்கணும்"னு ஒரு பத்தி சேருங்க. திருத்தினவங்க பின்னூட்டத்துல சொல்லுங்க, போய்ப் படிக்கிறேன். நான் எழுதினதுல ஓட்டை இருந்தாலும் சொல்லுங்க, கும்மலாம்.

பி.கு.: பையன் லேப்டாப்புல இப்ப ஓடுது. நான் வரி எதுவும் குடுக்கல. போன்ல மூணு கேள்விதான் கேட்டேன். ரெண்டாவது கேள்விக்கே, "இருண்ணா, யூசர்னு ஒரு ஃபோல்டரே இங்க இல்லியே"ன்னு அவனே சொல்லிட்டான்.